நாத்தனார் காரின் பிரேக் லைட்

சொந்தக்காரர்களுக்கு வேலை செய்துகொடுப்பதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் பல்பக்காவுக்கு முகம் மாறிவிடும். "எதிரியோட வண்டிய வேணும்னாலும் கொண்டு வாங்க, பாத்துத் தரேன். என் நாத்தனார் வண்டி மட்டும் வேண்டாம்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

பல்பக்கா என்பது மற்றவர்கள் வைத்த பெயர். பெட்ரோல் பங்குக்கும் டயர் கடைக்கும் நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அதில் கார்களுக்கும் வேன்களுக்கும் வயரிங் வேலை பார்க்கிறாள். வயது நாற்பத்தாறு. கொட்டகைக்கு முன் பதினோரு வருடம் ஒரு தொழிற்சாலையில் நின்றவள். வண்டிகளின் உடம்புக்குள் நரம்பு மாதிரி ஓடுமே வயர்க் கட்டு, அதைச் செய்கிற இடம். ஆளுயரப் பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். அந்த ஆணிகளைச் சுற்றி வயர்களை வளைத்துப் போட்டு, டேப் சுற்றி, கறுப்பு நூலால் முடிச்சுப் போட்டு இறக்க வேண்டும். ஒரு கட்டுக்கு நாலு நிமிடம். தலைவலி, காய்ச்சல் என்றாலும் அதே நாலு நிமிடம். ஒரு நாள் காலை போய்ப் பார்த்தால் கதவில் நோட்டீஸ் ஒட்டி, பூட்டுத் தொங்கியது. கூட வேலை பார்த்தவர்கள் தையலுக்கும் துணிக்கடைகளுக்கும் போனார்கள். இவள், "வயரத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்?" என்று கொட்டகை போட்டாள்.

முதல் வருடம், ஒரு பொம்பளையிடம் வண்டியை விடுவதா என்று எல்லோரும் யோசித்தார்கள். பல்பு மட்டும் மாற்றிக்கொண்டு நழுவினார்கள். அப்படி வந்த பெயர்தான். பின்னால் பெரிய பெரிய வேலைகள் வந்தன, பெயர் மட்டும் பல்பிலேயே நின்றுவிட்டது.

மனிதர்களிடம் அவளுக்குப் பொறுமை உண்டு. பழுதிடம் கிடையாது. ஒரு பழுது கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டால் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது. கணவர் பேக்கரி வேன் ஓட்டுகிறவர், யார் சண்டை போட்டாலும் நடுவில் புகுந்து "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்" என்கிறவர். அவருக்கு வீட்டில் 'சமாதானம்' என்றே பெயர். அப்படிப்பட்டவரே, பழுது பிடிபடாமல் அவள் முகத்தில் வயர் ஓடுகிற நாளில் சத்தம் போடாமல் தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் படுத்துவிடுவார்.

இப்போது நாத்தனார். சமாதானத்துக்கு மூத்தவர். ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு முழுவதையும் கட்டி ஆள்கிற தலைமை நர்ஸ். டாக்டர்களே அவர் வருகிற சத்தம் கேட்டால் கைப்பேசியைப் பையில் போடுவார்களாம். மாமியார் அவரோடுதான் இருந்தார். மாமியாருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. செவ்வாயும் வெள்ளியும் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் இடத்துக்கு மகளே காரில் கூட்டிப்போவார். மாமியார் பின் சீட்டில் இடது பக்கம்தான் உட்காருவார். நல்ல கனத்த உடம்பு. முன் சீட்டில் காலை நீட்ட முடியவில்லை என்பது அவர் கட்சி.

ஒரு செவ்வாய்க்கிழமை நாத்தனாரின் கார் கொட்டகை முன்னால் வந்து நின்றது.

"பிரேக் லைட் எரியலையாம். அங்க இருக்கிற வாட்ச்மேன் சொன்னான். சீக்கிரம் பாரு, எனக்கு டியூட்டி இருக்கு" என்று சாவியை மேசையில் போட்டார். மாமியாரை வீட்டில் இறக்கிவிட்டு வந்திருந்தார்.

தனியாக வேலை செய்கிறவர்களுக்குப் பிரேக் லைட்டைச் சோதிப்பது ஒரு தொல்லை. பெடலை மிதிக்க ஒரு ஆள் வேண்டும், பின்னால் நின்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். பல்பக்கா அதற்கு ஒரு குச்சி வைத்திருந்தாள். ஒரு முனையைப் பெடலிலும் மறுமுனையை டிரைவர் சீட்டிலும் முட்டுக்கொடுத்தால் பெடல் அமுங்கியபடி நிற்கும். அப்படி வைத்துவிட்டுப் பின்னால் வந்தாள். இரண்டு பக்கமும் செக்கச்செவேல் என்று எரிந்தது.

"எரியுதே, அண்ணி."

"அப்போ வாட்ச்மேனுக்குக் கண்ணு தெரியலையா?"

பல்பக்கா டிக்கியைத் திறந்து பல்புகளைக் கழற்றிப் பார்த்தாள். பல்பு உட்காரும் ஹோல்டரில் லேசாகப் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. சரி, இதுதான் விட்டு விட்டு வேலை செய்கிறது என்று சுரண்டிச் சுத்தம் செய்து, இரண்டு பல்பையும் புதிதாகப் போட்டு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் வந்தது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் சிக்னலில் இறங்கி வந்து திட்டிவிட்டுப் போனாராம். குச்சி வைத்தாள். எரிந்தது. எடுத்தாள், அணைந்தது. இருபது முறை வைத்து வைத்து எடுத்தாள். ஒரு முறைகூடத் தப்பவில்லை. பெடலுக்கு மேலே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், அதுதான் லைட்டுக்குக் கட்டளை கொடுப்பது. ஸ்டீயரிங்குக்குக் கீழே மல்லாக்கப் படுத்து, கழுத்து சுளுக்கிக்கொள்ள, அதைக் கழற்றிப் புதிதாக மாட்டினாள்.

அடுத்த செவ்வாய், மூன்றாம் முறை.

"ஊரான் வண்டின்னா ஒரே நாள்ல சரி பண்ணித் தர்ற. நம்ம வண்டின்னா இளக்காரம்" என்றார் நாத்தனார்.

"அண்ணி, எரியாத லைட்ட எரிய வைக்கலாம். எரியிற லைட்ட நான் எப்படி எரிய வைக்கிறது?"

"அத நீதான் சொல்லணும். என் வார்டுல ஒரு நர்ஸ் மூணு தடவை ஊசி போட்டும் காய்ச்சல் எறங்கலன்னு வை, நான் ஊசியையா திட்டுவேன்?"

பல்பக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். எர்த் வயர் பாடியில் இறுகும் இடத்தைத் தேய்த்து மினுங்க வைத்தாள். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தாள். கரண்ட் பார்க்கும் மீட்டரை வைத்து அங்குலம் அங்குலமாக அளந்தாள். மீட்டர் எல்லா இடத்திலும் 'நல்லாத்தான் இருக்கு' என்றது. மூன்று மணி நேரம். டயர்க்கடைக்காரர் டீ டம்ளரோடு வந்து பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் பல்பு குடுக்கிற அக்காவே பல்பு வாங்கிட்டாங்க போல" என்றார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் டம்ளரை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

காரில் பழுதே இல்லை, வாட்ச்மேன் முதல் ஆட்டோக்காரர் வரை எல்லோருக்கும் வெயிலில் கண் கூசுகிறது என்று அவளுக்கே ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை விபத்து நடந்தது.

பெரிதாக ஒன்றுமில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். நாத்தனார் பயிற்சி நிலையத்துக்குப் போகும் வழியில், குறுக்கே ஒரு நாய் வர, பிரேக் போட்டிருக்கிறார். பின்னால் பைக்கில் வந்தவர் நேராக டிக்கியில் மோதி, காரின் கூரை மேல் விழுந்து, சாலையில் உருண்டிருக்கிறார். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். தோள்பட்டையில் காரை எலும்பு உடைந்துவிட்டது. நாத்தனார் தானே இறங்கி அவர் கையைத் துணியால் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். அது வரை எல்லாம் சரி. ஆனால் கட்டுப் போடும்போதே அந்த மனிதர் சொல்லிவிட்டார்: "மேடம், உங்க பிரேக் லைட் எரியவே இல்ல."

நாத்தனாருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் காரை நிறுத்தி ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் பின்னால் நின்று பார்த்தார். எரிந்தது. "நீ போனப் பாத்துட்டே வந்திருப்ப" என்று பார்சல்காரரிடம் சொன்னார்கள். ஆனாலும் கேஸ் என்று எழுதும்போது, சமீபத்தில் லைட் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள்.

அன்று சாயங்காலம் கார் கொட்டகைக்கு வந்தது. பின் பம்பர் நசுங்கி, இடது லைட்டின் சிவப்பு மூடி விரிசல் விட்டிருந்தது. பல்பக்கா குச்சியை வைத்தாள். எடுத்தாள். வைத்தாள். ஐம்பது முறை எண்ணிப் பார்த்தாள். எஞ்சின் சூடாக இருக்கும்போது பார்த்தாள், ஆறவிட்டுப் பார்த்தாள். தானே ஓட்டிக்கொண்டு மேடுபள்ளமான சாலையில் போனாள், சமாதானம் வேனில் பின்னால் வந்து பார்த்தார். "ஒவ்வொரு தடவையும் எரிஞ்சுது" என்றார் அவர். "ஆனா அந்த ஆள் சொல்றதும்..."

"நீங்க பேசாதீங்க" என்றாள் பல்பக்கா.

ஒரு வெள்ளைத்தாளில் எழுதினாள்: நான் சோதித்துப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் விளக்கு எரிந்தது. நாத்தனார் வாங்கிப் படித்துவிட்டு, "இது என்ன வழவழா கொழகொழான்னு? 'விளக்கு நல்ல நிலையில் இருந்தது'ன்னு எழுது" என்றார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று அப்போது தோன்றியது. வேறு தாள் எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, கொட்டகையின் ரப்பர் ஸ்டாம்பையும் குத்திக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் அவள் சரியாகத் தூங்கவில்லை. குற்ற உணர்ச்சி என்று சொல்ல முடியாது, அவள் பொய் எழுதவில்லை. எரிச்சல்தான். மூன்று பேர், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள், எரியவில்லை என்கிறார்கள். அவளுடைய குச்சியும் மீட்டரும் எரிகிறது என்கின்றன. வேறு வண்டியில் கை வைத்தாலும் மனசு இந்த வண்டியின் டிக்கிக்குள்ளேயே கிடந்தது. ஒரு வேன்காரருக்கு ஹாரன் சரி செய்யப் போய், ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஓடும்படி மாற்றி மாட்டிவிட்டாள். பதினைந்து வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை.

பன்னிரண்டாம் நாள் ஒரு செவ்வாய். புது லைட் மூடி வந்துவிட்டது என்று சொல்லியனுப்பியிருந்தாள். நாத்தனார் பயிற்சி நிலையத்துக்குப் போகும் வழியிலேயே வந்து நிறுத்தினார். பின் சீட்டில் மாமியார்.

"அத்தை, கொஞ்சம் எறங்கி உக்காருங்களேன். சேர் போடறேன்."

"என்னால ஏறி எறங்கி முடியாதும்மா. மூடி மாத்த நான் எதுக்கு எறங்கணும்? நீ பாட்டுக்கு மாத்து."

நாத்தனாரும் இறங்கவில்லை. "பத்து நிமிஷம்தான். அங்க நேரம் குடுத்துட்டாங்க" என்று ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

பல்பக்கா மூடியை மாற்றினாள். குச்சியை வைக்க வழியில்லை, டிரைவர் சீட்டில் நாத்தனார்.

"அண்ணி, பிரேக்க ஒரு தடவை மிதிங்க."

பின்னால் குனிந்து பார்த்தாள். இருட்டு.

"மிதிங்கண்ணி."

"மிதிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்!"

"நல்லா மிதிங்க!"

"இதுக்கு மேல மிதிச்சா கால் தரையில வந்துரும்!"

பல்பக்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். திருடனைக் கண்டுகொண்ட போலீஸ்காரருக்கு வருமே, அந்த மாதிரி. "அப்படியே இருங்க, காலை எடுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டு மீட்டரை எடுக்க ஓடினாள். கத்தலைக் கேட்ட மாமியார் வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது, தீப்பிடித்துவிட்டது என்று பயந்து, முனகிக்கொண்டே கதவைத் திறந்து இறங்கிவிட்டார். மீட்டரோடு திரும்பி வந்தால், இரண்டு லைட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன.

"கால எடுத்து மறுபடி மிதிச்சீங்களா?"

"நீதான அப்படியே இருன்னு சொன்ன! அசையவே இல்ல!"

பல்பக்கா லைட்டைப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்தாள். திறந்து கிடந்த பின் கதவைப் பார்த்தாள். செவ்வாய், வெள்ளி, செவ்வாய், வெள்ளி என்று நாட்கள் மனதில் வரிசையாக வந்து நின்றன. வாட்ச்மேன் பார்த்த இடம் பயிற்சி நிலையத்தின் வாசல். அவள் சோதித்ததோ எப்போதும் காலி வண்டி.

"அத்தை," என்றாள் மெதுவாக, "மறுபடி ஒரு தடவை ஏறி உக்காருங்க."

"இப்பத்தானடி எறங்கினேன்!"

ஏறி உட்கார்ந்தார். லைட் அணைந்தது. நாத்தனாரின் கால் பெடலிலேயே இருந்தது.

சில உண்மைகளைச் சொல்கிற வாய் எது என்பது முக்கியம். மாமியார் உட்கார்ந்தால் லைட் அணைகிறது என்பதை ஒரு மெக்கானிக் சொல்லலாம், மகன் சொல்லலாம். மருமகள் சொன்னால் அதற்குப் பெயர் வேறு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அது தெரிந்தும் பல்பக்கா சொல்லிவிட்டாள். வேறு எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"அத்தை உக்காந்தா லைட் போகுது, அண்ணி."

நாத்தனார் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்பினார்.

"எங்கம்மா வெயிட்டப் பத்திப் பேசறியா?" என்றார் நாத்தனார்.

"சீட்டப் பத்திப் பேசறேன். சீட்டுக்குக் கீழதான் அந்த வயர் போகுது."

"உன்னால கண்டுபிடிக்க முடியலன்னு எங்கம்மா தலையில கட்டாத!"

"தலையில இல்ல அண்ணி..." என்று ஆரம்பித்து, பல்பக்கா வாயை மூடிக்கொண்டாள். மாமியாருக்கு மட்டும் உதட்டோரம் ஒரு தரம் துடித்தது. சிரிப்பா, கோபமா என்று தெரியவில்லை.

அன்றைக்குக் காலுக்குப் பயிற்சி இல்லை என்று ஆயிற்று. மாமியாரை நிழலில் சேர் போட்டு உட்காரவைத்துவிட்டு, பல்பக்கா பின் சீட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடுங்கினாள். கீழே பழைய டிக்கெட்டுகள், ஒரு சீப்பு, மிட்டாய்க் காகிதம். இடது ஓரத்தில், கதவுப் பக்கமாக ஓடவேண்டிய வயர்க் கட்டு தன் பள்ளத்தை விட்டு வெளியே வந்து, சீட்டின் இரும்புச் சட்டம் அமர்கிற இடத்தில் கிடந்தது. யார் உட்கார்ந்தாலும் சட்டம் அதன் மேல் அழுந்தும். லேசானவர் உட்கார்ந்தால் லேசாக. மேல்தோல் பளபளவென்று நசுங்கியிருந்ததே தவிர எங்கும் கிழியவில்லை. கண்ணுக்கு எதுவும் தெரியாது.

கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒவ்வொரு வயராக உருட்டினாள். உள்ளே செம்பு முழுசாக இருக்கிற வயர் விரலை எதிர்த்து நிற்கும். அறுந்த இடம் துவண்டு போகும், உள்ளே எலும்பு இல்லாத மாதிரி. நாலாவது வயரில் விரல் அப்படித் துவண்டது. தோலைக் கீறிப் பார்த்தாள். உள்ளே அத்தனை இழையும் அறுந்து, இரண்டு முனையும் ஒன்றையொன்று முத்தமிட்டுக்கொண்டு கிடந்தன. சும்மா இருந்தால் தொட்டுக்கொள்ளும். மேலே கனம் ஏறினால் விலகும்.

"கிடைச்சிடுச்சா?" என்றார் நாத்தனார், குரல் கொஞ்சம் இறங்கி.

பல்பக்கா வயர்க் கட்டை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறு ஒன்றை. அறுந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, அந்தக் கட்டோடு இன்னொரு மெல்லிய வயரைச் சேர்த்துக் கறுப்பு நூலால் கட்டியிருந்தது. இரண்டு சுற்று, உள்ளே ஒரு மடக்கு, மேலே ஒரு குறுக்கு. தொழிற்சாலையில் பதினோரு வருடம் போட்ட முடிச்சு. இந்த வட்டாரத்தில் அப்படி வேறு யாரும் போடுவதில்லை, எல்லோரும் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்குவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் இந்தக் காருக்குப் பின் பக்கம் கேமரா மாட்டிக்கொடுத்தவள் அவள்தான். சீட்டைக் கழற்றியவளும் அவள்தான், வயர்க் கட்டைப் பள்ளத்துக்குள் அமுக்காமல் சீட்டைத் திரும்ப மாட்டியவளும் அவள்தான். அன்றைக்கும் நாத்தனார் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஆனால் அதையெல்லாம் சாக்காகச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டு வருடம் இழை இழையாக அறுந்து, போன மாதம் கடைசி இழையும் போயிருக்கிறது.

வயரை வெட்டி, புதுத் துண்டு சேர்த்து, ஈயம் வைத்து, மூடி, கட்டைப் பள்ளத்துக்குள் இறக்கி, நாலு இடத்தில் கட்டினாள். சீட்டை மாட்டினாள். மாமியாரை உட்காரவைத்து, தானும் டயர்க்கடைக்காரரும் இரண்டு பக்கமும் ஏறி உட்கார்ந்து, நாத்தனாரை மிதிக்கச் சொல்லி, பங்கில் பெட்ரோல் போடுகிறவரைப் பின்னால் நிற்கவைத்துக் கேட்டாள். "எரியுதுக்கா" என்றார் அவர். இருபது முறை கேட்டாள். இருபது முறையும் எரிந்தது.

பிறகு இறங்கி வந்து நாத்தனாரிடம் சொன்னாள். "அண்ணி, இது நான் பண்ண தப்பு. கேமரா மாட்டினப்போ வயர சீட்டுக்கு அடியில விட்டுட்டேன். அந்தப் பார்சல்காரர் சொன்னது நெஜம்."

நாத்தனார் கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி. இப்ப சரியாயிடுச்சுல்ல. விடு."

"லெட்டர் குடுத்திருக்கேனே."

"குடுத்தா குடுத்ததுதான். உனக்குத் தெரியாமத்தான எழுதின? இப்பப் போய் மாத்திச் சொன்னா, லைட் எரியாத வண்டிய ஓட்டிட்டு வந்து ஒருத்தன இடிக்க வச்சவன்னு என் பேருதான் வரும். உன் பேரு வராதுன்னு நெனைக்கிறியா? உன் கொட்டகைக்கு எவன் வருவான்?"

அதைப் பல்பக்காவும் யோசித்திருந்தாள். யோசிக்காமலா இருப்பாள்? முடிச்சைப் பார்த்த அந்த நிமிடமே முதலில் யோசித்தது அதைத்தான்.

"அந்த ஆளுக்கு எலும்பு ஒடைஞ்சிருக்கு, அண்ணி. நீங்களே கட்டுப் போட்டீங்க."

"கட்டுப் போட்டது நான். பேச்சு வாங்கறதும் நானா?"

சேரிலிருந்து மாமியார் குறுக்கே பேசினார். "ஏண்டி, அவ வந்து சொல்லாம இருந்திருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்குமா? சொல்றேங்கறா, சொல்லட்டும். என் வெயிட்டச் சொன்னப்பவே நான் தாங்கிட்டேன்."

நாத்தனார் அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார். 

சமாதானம் அன்றிரவு வழக்கம்போல, "அக்கா சொல்றதும் சரி, நீ சொல்றதும் சரி" என்றார். பல்பக்கா அவரைப் பார்த்து, "நாளைக்கு வேனுக்கு லீவு போட்டுட்டு என் கூட வாங்க" என்றாள். அவர் எதுவும் சொல்லாமல் லீவு போட்டார். அதை அவள் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

போலீஸ் ஸ்டேஷனில் இருந்தவர் இரண்டாவது கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முதல்ல நல்லா இருந்துதுன்னு எழுதியிருக்கீங்க. இப்ப நல்லா இல்லன்னு எழுதியிருக்கீங்க. அடுத்த வாரம் என்ன எழுதுவீங்க?" இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து, இன்னும் இரண்டு தாளில் எழுதி வாங்கினார்கள். அறுந்த வயர்த் துண்டை ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோயிருந்தாள். அதை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பார்சல்காரர் ஒரு அச்சுக்கூடத்துக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தார். படிக்கட்டு முழுக்க மை வாசனை. கை கழுத்தோடு கட்டித் தொங்க, தரையில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் ரேடியோவில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பல்பக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முடிச்சு வரைக்கும் சொன்னாள்.

அவர் சந்தோஷப்படுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இவ்வளவு கோபத்தையும் எதிர்பார்க்கவில்லை.

"இப்ப வந்து சொல்றீங்க. ரெண்டு வாரமா நான் கத்திட்டிருக்கேன். போலீஸு நம்பல. கம்பெனி நம்பல, தாறுமாறா ஓட்டுறவன்னு வேலைய நிறுத்தி வச்சுட்டான். இதோ, இவ," என்று மனைவியைக் காட்டினார், "இவளே என்ன கேட்டா தெரியுமா? 'உண்மையச் சொல்லுங்க, போன் பாத்துட்டுத்தான வந்தீங்க?' அப்படின்னா."

மனைவி மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"எனக்கே சந்தேகம் வந்துடுச்சுங்க" என்றார் அவர். "ராத்திரி படுத்தா, லைட் எரிஞ்சுதோ, நான்தான் பாக்கலையோன்னு."

பல்பக்கா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கவரிலிருந்து வயர்த் துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதை விரலால் அழுத்திப் பார்த்தார். முனைகள் விலகின. விட்டதும் சேர்ந்துகொண்டன. அப்படியே நாலைந்து முறை செய்தார். பிறகு மனைவியிடம் நீட்டினார். அவளும் அழுத்திப் பார்த்தாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் அவள்.

அதையே இன்னொரு கடிதமாக எழுதிக்கொண்டு பல்பக்கா மறுநாள் பார்சல் கம்பெனிக்குப் போனாள். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், இதற்கெல்லாம் அவர் பொறுப்பு இல்லை, இன்னொரு ஆபீஸுக்குப் போக வேண்டும் என்றார். அந்த ஆபீஸில், கடிதத்தை முதல் ஆபீஸில்தான் வாங்குவார்கள் என்றார்கள். மூன்று முறை அலைந்தாள். மூன்றாவது முறை, வாங்குகிற வரை நகர மாட்டேன் என்று கண்ணாடி முன்னால் நின்றுவிட்டாள். பின்னால் வரிசை வாசல் வரை போனது. வாங்கிக்கொண்டார்கள்.

நாத்தனார் இரண்டு மாதம் அவளிடம் பேசவில்லை. எதிர்பார்த்ததுபோல அவர் மேல் பழி வந்தது, ஸ்டேஷனுக்கு நாலு தரம் நடந்தார். காரை வேறு இடத்தில் காட்டினார். பிறகு ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் கொட்டகைக்கு வந்து, "அந்த எடத்துல ஹெட்லைட்ட ஆகாசத்தப் பாத்து வச்சுட்டான். எதுக்க வர்றவன் எல்லாம் திட்டறான்" என்று சாவியை மேசையில் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பல்பக்கா ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை, இன்று வரை.

கொட்டகைக்கு ஆள் குறைந்ததா என்று கேட்டால், குறைந்தது. ஒரு மூன்று மாதம் நன்றாகவே குறைந்தது. பிறகு வந்தார்கள். எதனால் வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. டயர்க்கடைக்காரர் தன்னால்தான் என்று சொல்லிக்கொள்கிறார்.

பார்சல்காரர் கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய செய்தி அவளுக்கு வரவில்லை. ஒரு மத்தியானம் அவரே பைக்கில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது. ஒரு வேனின் வயரிங்குக்காக அவள் வரவழைத்திருந்த ரிலேப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். கையெழுத்துப் போடச் சொல்லிக் கருவியை நீட்டினார். அடிபட்ட பக்கத்துக் கை பாதிக்கு மேல் உயரவில்லை.

"வலிக்குதா?"

"மழை நாள்ல வலிக்கும்" என்றார். சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. விரலையே பேனாவாக வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் பெட்டியைப் பிரித்தாள். உள்ளே இருந்தது வேறு ஏதோ லாரிக்கு உரியது. இரண்டு வாரம் காத்திருந்தது இதற்குத்தானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது தப்பான பெட்டிங்க. திருப்பி எடுத்துட்டுப் போங்க."

"நான் குடுக்க மட்டும்தான் வருவேன். திருப்பி எடுக்க வேற ஆள் வருவாங்க. நம்பருக்குப் போன் பண்ணி ரெண்டை அழுத்துங்க, அப்புறம் நாலு."

"அழுத்தினா?"

"வெயிட் பண்ணச் சொல்லும்" என்றார் அவர், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே.

பல்பக்கா பெட்டியை மேசையில் டொக்கென்று வைத்துவிட்டு, கைப்பேசியைத் தேடத் தொடங்கினாள்.